கைக்கு அடக்கமான கிரைண்டர்

“இத்தனூண்டு இயந்திரம்! இதற்கு ஏன் இவ்வளவு ஜாக்கிரதை?” என்று கேட்பவர்கள் பலர். வாசகர்களே, அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நாம் பேசப்போவது கைப்பிடிக்குள் அடங்கும் சுழல் கருவியைப் பற்றி. ஹார்ட்வேர் கடைகளில் ரோட்டரி டூல் என்பார்கள், மினி கிரைண்டர் என்பார்கள். எந்தக் கம்பெனி செய்ததாயினும் ‘டிரெமல்’ என்றே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆல்பர்ட் டிரெமல் என்பவர், விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் நகரில் 1932-இல் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. 1993 முதல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துக்குச் சொந்தம்.

இந்தக் கருவியில் மாட்டும் பெரிய வெட்டுத் தட்டின் குறுக்களவு 38 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறக்குறைய 119 மி.மீ. நிமிடத்துக்கு 30,000 சுற்று சுழலும்போது அந்தத் தட்டின் விளிம்பு ஒரு நிமிடத்தில் 3,500 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. மணிக்கு 210 கிலோமீட்டருக்கும் அதிகம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதித்திருக்கும் உச்ச வேகமே 110 தானே! பட்டறைகளில் தீப்பொறி பறக்க இரும்பு அறுக்கும் நாலு அங்குலக் கிரைண்டரைப் பார்த்தால் நாம் தானாகவே இரண்டடி விலகி நிற்கிறோம். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுதான் சுழலும். அதன் விளிம்பு வேகத்தைக் கணக்கிட்டாலும் கிட்டத்தட்ட இதே எண்தான் வரும். பெரியதைக் கண்டு பயப்படுகிற நாம், அதே வேகத்தில் ஓடும் சிறியதைப் பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்து முகத்தருகே வைத்துக்கொண்டு வேலை செய்கிறோம்.

வேகம் அப்படி இருந்தாலும் பலம் குறைவு. மோட்டாரின் சக்தி பெரும்பாலும் 200 வாட்டுக்கு உள்ளேதான். அழுத்தினால் சுற்று குறையும், மோட்டார் சூடாகும், தட்டு நெளியும், பிறகு உடையும். ஆகவே இந்தக் கருவியில் வேலை செய்வது வேகமே ஒழிய உங்கள் கைபலம் அல்ல. புதிதாக வாங்கியவர்கள் படும் தொல்லைகளில் முக்காலே மூன்று வீசம், ‘வெட்டவில்லையே’ என்று அழுத்துவதால் வருகிறவை. இனிச் சொல்லப் போகும் எல்லா விஷயத்துக்கும் இதுவே அடிப்படை.

எதற்கு இது ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றடி நீளத் தகரத்தை நேராக வெட்ட இதை எடுப்பது வீண் வேலை. தகரக் கத்தரி இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை இரண்டாக்க வேண்டுமா? இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் பலமுறை ஆழமாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து ஒடித்தால் கண்ணாடி ஒடிவதுபோல் நேராக ஒடியும். வட்டத் துளைக்கு டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம் போதும். கத்தரியும் ரம்பமும் நுழைய முடியாத இடம் ஒன்று உண்டு. தகட்டின் நடுவே ஜன்னல் போல ஒரு சதுரத் துவாரம் எடுக்க வேண்டும் என்றால், அங்கேதான் இந்தக் கருவி தன் விலைக்கு ஈடு கொடுக்கும். துருப்பிடித்துத் தலை தேய்ந்த திருகில் புதிய பள்ளம் வெட்டவும் இதை மிஞ்ச வேறில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். இரவுச் சந்தையில் கடை போடும் ஒருவர் விளக்கு எரிப்பதற்குப் பேட்டரி வைத்திருக்கிறார். அதை வைக்கும் இரும்புப் பெட்டி ஒரு மில்லிமீட்டர் கனம். பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றை அதன் முகப்பில் பொருத்த ஆசைப்படுகிறார். மீட்டரின் உடல் நுழைய 46 மி.மீ. அகலமும் 27 மி.மீ. உயரமும் உள்ள ஜன்னல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, பேட்டரியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூரத்தில் கொண்டுபோய் வைப்பது. கம்பியை மட்டும் கழற்றினால் போதாது. ஈய அமிலப் பேட்டரி மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அது தங்கியிருந்தால் ஒரே ஒரு தீப்பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் தெறிக்க. பெட்டியை நன்றாகத் திறந்து காற்றாட விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் சுவிட்ச், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இரும்புத் தூள் ஒன்று ஒயர் முனைகளுக்கிடையே போய் உட்கார்ந்தால், அது தன் குணத்தைக் காட்ட ஒரு மாதம் கழித்துக்கூட வரலாம். வீட்டு மின்சாரம் வரும் பெட்டியானால் அதைத் தொடவே வேண்டாம். பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இப்போது அளவு. மாஸ்கிங் டேப்பை முகப்பில் ஒட்டி அதன் மேல் பென்சிலால் கோடு போடுங்கள். டேப் இரண்டு வேலை செய்யும். கோடு பளிச்சென்று தெரியும். தட்டு வழுக்கி ஓடினாலும் சாயத்தில் கீறல் விழாது. கோட்டின் மேலேயே வெட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை அரத்தால் ராவிக் கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். பெரிதாகிப் போன ஜன்னலைச் சிறிதாக்க எந்தக் கருவியும் கடையில் இல்லை.

மூலைகளில்தான் விஷயமே இருக்கிறது. வெட்டுத் தட்டு வட்டமானது அல்லவா? அது தகட்டுக்குள் இறங்கும்போது மேற்புறத்தில் விழும் கீறல் நீளமாகவும், அடிப்புறத்தில் விழுவது குட்டையாகவும் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தகட்டில்கூட ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். தகடு கனக்கக் கனக்க அது கூடும். அடிப்புறத்தில் மூலைவரை அறுபடட்டும் என்று ஓட்டினால், மேற்புறத்தில் கோட்டைத் தாண்டிக் கீறல் நீண்டு, பார்க்க அசிங்கமாகிவிடும். அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கை நுழைய இடமிருந்தால் தகட்டின் பின்புறத்தில் கோடு போட்டுப் பின்னாலிருந்து வெட்டுவார்கள். நீண்ட கீறல் உள்ளே மறைந்துவிடும். முகப்பு சுத்தமாக இருக்கும். இன்னொரு வழி, நான்கு மூலைகளிலும் கோட்டுக்கு உள்பக்கமாக மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்றை முதலிலேயே போட்டுவிடுவது. வெட்டு துளையில் வந்து முடியும். மிச்சமுள்ள முக்கோணத்தைச் சதுர அரம் பார்த்துக்கொள்ளும். மூலையை நெருங்கும்போது 24 மி.மீ. சின்னத் தட்டுக்கு மாறிக்கொள்வதும் நல்லது. தட்டு சிறுத்தால் கீறலின் நீட்டமும் சிறுக்கும்.

மெல்லிய தகடு தனியே நின்றால் தாளம் போடும். அது அதிரும்போதுதான் தட்டு கவ்விக்கொண்டு உடைகிறது. பின்னால் ஒரு பலகைத் துண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்குங்கள். “தம்பி, கொஞ்சம் பிடித்துக்கொள்” என்று இன்னொருவர் கையை நம்புவது கூடாது.

இரும்புக்கு, உள்ளே கண்ணாடியிழை வலை வைத்த தட்டாகப் பார்த்து வாங்குங்கள். டப்பியில் முப்பது நாற்பது என்று அடுக்கி வரும் பழுப்பு நிற மெல்லிய தட்டுகளில் பலவற்றுக்கு அந்த வலை கிடையாது. அவை மெல்லிய வெட்டுக்கு நல்லவைதான். ஆனால் கை சிறிது திரும்பினாலும் பிஸ்கட்டைப்போல் உடையும். தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் உச்சச் சுற்று, உங்கள் கருவியின் உச்சச் சுற்றுக்குக் குறைவாக இருந்தால் அந்தத் தட்டை அந்த வேகத்தில் ஓட்டக்கூடாது. கீழே விழுந்த தட்டையும் விரிசல் கண்ட தட்டையும் மாட்ட வேண்டாம், குப்பையில் போடுங்கள். புதிய தட்டு மாட்டியதும் முகத்துக்கு அப்பால் பிடித்து ஒரு நிமிடம் வெறுமனே சுழலவிட்டுப் பாருங்கள். உடைய வேண்டியது அப்போதே உடையட்டும்.

சுவிட்சைப் போட்டு, முழு வேகம் வந்த பிறகே தகட்டைத் தொட வேண்டும். முதலில் கோடு முழுவதும் மேலாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளமே பிறகு தட்டுக்கு வழிகாட்டும். பிறகு மூன்று நான்கு முறை போய் வந்து ஆழப்படுத்துங்கள். ஒரே மூச்சில் ஊடுருவ நினைக்காதீர்கள். நேர்கோட்டில்தான் தட்டு போகும். வளைவை அதனிடம் கேட்காதீர்கள். இயந்திரத்தின் ஓசையைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே சுருதியில் ‘ஙொய்’ என்று பாடினால் சரி. சுருதி இறங்கினால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள். பெண்கள் தையல் இயந்திரத்தின் ஓசையை வைத்தே ஊசி மழுங்கியதைச் சொல்லிவிடுவார்களே, அதே கதைதான். தையல் பழகிய கை இந்தக் கருவிக்கும் விரைவில் பழகும் என்பது என் அபிப்பிராயம். துணியைப் பிடித்து இழுக்காமல் ஊசியை ஓடவிடத் தெரிந்தவர்களுக்கு இதன் பாதி வித்தை ஏற்கெனவே தெரியும்.

அலுமினியம் வேறு ஜாதி. அதில் தீப்பொறி பறக்காது. அதைப் பார்த்து ‘இது சாது’ என்று நினைத்துவிடுவோம். மென்மையான அந்த உலோகம் தட்டின் நுண்துளைகளில் போய் அப்பிக்கொள்ளும். அப்பிய தட்டு வெட்டாது, உரசும், உரசினால் சூடேறும், சூடேறினால் இன்னும் அப்பும். மெழுகுவர்த்தியைக் கோட்டின் மேல் தேய்த்துவிட்டு வெட்டினால் கொஞ்சம் குறையும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அலுமினியமானால் நான் தட்டையே எடுக்க மாட்டேன். கோட்டுக்கு உள்ளே வரிசையாகத் துளை போட்டு, இடையில் உள்ளதைச் சின்ன இரும்பு ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவுவது மெதுவானாலும் நிம்மதியான வழி. அலுமினியத் தூள் குவிந்திருக்கும் மேசையில் அடுத்து இரும்பை வெட்டித் தீப்பொறியை அதன்மேல் விழவிடாதீர்கள். அந்தத் தூள் தீப்பற்றக் கூடியது.

இனி பிளாஸ்டிக்குக்கு வருவோம். இதே மீட்டரை இரும்புப் பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டியில் பொருத்துவதானால் எளிது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெட்ட ஆரம்பித்த பிறகு ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு முனையிலிருந்து வெட்டிக்கொண்டே மறு முனைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால், ஆரம்பித்த இடம் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும்! காரணம் இதுதான். உலோகம் சூட்டைத் தன் உடல் முழுவதும் பரப்பிவிடும். பிளாஸ்டிக்கோ சூட்டை உண்டான இடத்திலேயே வைத்துக்கொள்ளும். குழாய்களுக்குப் பயன்படும் பி.வி.சி. சுமார் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரியை ஒட்டி இளகும். முப்பதாயிரம் சுற்றில் உரசும் தட்டுக்கு அந்தச் சூட்டைக் கிளப்ப அதிக நேரம் தேவையில்லை. பிளாஸ்டிக் அறுபடுவதற்குப் பதில் உருகிப் பின்னாலேயே உறைந்துவிடுகிறது.

ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும். வேகத்தை மாற்றும் திருகு உள்ள கருவியில் அடிமட்டத்திலிருந்து தொடங்கி, வெட்டும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். இந்தத் திருகு இல்லாத கருவியைப் பிளாஸ்டிக் வேலைக்கென்று வாங்காதீர்கள். கல் தட்டைவிடப் பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் தட்டோ, டிரில் ஊசிபோல் முறுக்கிய வெட்டூசியோ மேல். வெட்டூசியானால் வளைந்தும் போகும். ஒரே இடத்தில் நிற்காமல் சிறு சிறு ஓட்டமாக ஓட்டி, நடுநடுவே எடுத்து ஆறவிடுங்கள். ஓரத்தில் உருகிக் கட்டியான பிசிறைச் சூடாக இருக்கும்போது தொட்டால் நூலாக இழுபடும். ஆறிய பிறகு கத்தி முனையால் தட்டினால் கடலைத் தோல்போல் உதிர்ந்துவிடும். அக்ரிலிக் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை வேலை முடியும்வரை பிரிக்காதீர்கள்.

பி.வி.சி. தீய்ந்து காரமான நெடி வந்தால் உடனே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். எந்தப் பொருளை வெட்டினாலும் ஜன்னல் கதவு திறந்த இடத்தில், தூசிக்கான முகமூடியோடு வெட்டுவதே முறை. பழைய வீடுகளின் கூரையிலும் தடுப்பிலும் இருக்கும் சாம்பல் நிறச் சிமெண்ட் தகடுகளை மட்டும் எந்தத் தட்டாலும் வெட்டலாகாது. அவற்றில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசி மூச்சில் போனால் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும்.

பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று இந்தக் கருவியை வாங்கிக் கொடுத்திருக்கும் தாய்மார்களே, இந்தப் பகுதி உங்களுக்கு. கருவி வாங்கிய அன்றே பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவிடுங்கள். பார்வைக்குப் போடும் மூக்குக்கண்ணாடி இதற்கு உதவாது. அதன் பக்கவாட்டில் மறைப்பு கிடையாது. தாக்குதலைத் தாங்கும் கண்ணாடியில் ‘இசட்87+’ என்றோ ‘ஈஎன்166’ என்றோ பொறித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். வேலை செய்கிறவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் தம்பிக்கும் ஒன்று வேண்டும். முகத்தையும் உடம்பையும் சுழலும் தட்டுக்கு நேர் வரிசையில் வைக்காமல் சற்று ஒதுங்கி நிற்கப் பழக்குங்கள். தட்டு உடைந்தால் துண்டுகள் அந்த வரிசையில்தான் பறக்கும், முன்பு கணக்கிட்டோமே, அந்த வேகத்தில்.

அப்படியும் ஒரு துகள் கண்ணில் பட்டுவிட்டால்? கசக்கக் கூடாது. துணி முனையால் எடுப்பது, தீக்குச்சியால் தொடுவது, தாய்ப்பால் விடுவது, நாக்கால் நக்கி எடுப்பது முதலிய பாட்டி வைத்தியங்களெல்லாம் கண்ணைக் கெடுக்கும். இரும்புத் துகள் கருவிழியில் குத்தி நின்றால் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கி, சுற்றிலும் பழுப்பு வளையம் விழும். துகளை எடுத்தாலும் அந்தத் துருவைத் தனியே சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தூங்கப் போகாமல், அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வேகமாக வந்த துகள் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடுவதும் உண்டு. அப்போது வெளிக்காயம் ஊசி முனையளவுதான். வலியும் சிலருக்கு அதிகம் இராது. உலோகம் வெட்டும்போது ‘சுரீர்’ என்று ஏதோ பட்டு, பார்வை சற்று மங்கினாலும் மருத்துவரிடம் அதைச் சொல்லத் தவறாதீர்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு ஏதாவது நோய்க்கு எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னாலும் இந்தச் சங்கதியைச் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் கண்ணுக்குள் தங்கிய இரும்பை அசைத்துப் பார்வையையே பறித்துவிடும்.

உடுப்பையும் கவனியுங்கள். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல், மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு எல்லாமே சுழலும் தண்டில் சுற்றிக்கொள்ளும். தொளதொள பருத்திக் கையுறையும் அப்படியே. கயிற்றை அவிழ்க்க மனமில்லையென்றால் முழங்கைப் பக்கம் ஏற்றி, மேலே டேப் சுற்றிவிடுங்கள். தட்டு மாற்றும்போது சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். தண்டைப் பூட்டும் பொத்தானைச் சுழற்சி முழுவதும் நின்ற பிறகே அழுத்துங்கள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் அண்டை வீட்டுக் குழந்தை தூங்கும் நேரத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். இதன் கீச்சொலி சுவரைத் தாண்டும்.

ஜன்னல் அறுபட்டு, அரம் போட்டு, மீட்டரும் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய இரும்பு விளிம்பில் சாயம் போயிருக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் அது துருப்பிடிக்க ஒரு வாரம் போதும். விரலை வைத்துப் பார்க்காமல் துணியால் துடைத்து, துருத் தடுப்புச் சாயத்தை ஒரு தீற்றுத் தீற்றிவிடுங்கள். பிறகு தரை. வெறுங்காலோடு நடமாடும் வீடுகள் நம்முடையவை. துடைப்பத்தால் கூட்டினால் இரும்புத் தூள் துடைப்பத்திலேயே தங்கி அடுப்படி வரை போகும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தரைக்கு அரை அங்குலம் மேலே மெதுவாக நகர்த்துங்கள். தூளெல்லாம் பையின் மேல் முள்முள்ளாக ஒட்டிக்கொள்ளும். பையைக் குப்பைக்கூடைக்கு மேலே பிடித்து உள்வெளியாகத் திருப்பிக் காந்தத்தை வெளியே எடுத்தால், தூள் பைக்குள் நின்றுவிடும். முடிச்சுப் போட்டு எறிந்துவிடலாம்.